யாருடைய நேரத்தில் பயிற்சி? வடசென்னைத் தொழிற்பகுதியில் இணையவழிக் கல்வியும் நேரடிப் பயிற்சியும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்றொரு பிரிவு இருந்தது. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது சேர்க்கப்பட்டது. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவல்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அது சொன்னது. அடுத்து பயிற்சிக்கு வந்தது. முடிந்தவரை ஆலைக்குள்ளேயே அவர் பயிற்சி பெறலாம். இல்லாவிட்டால் தலைமை ஆய்வாளரின் ஒப்புதல் பெற்ற பயிற்சி மையம் ஒன்றுக்கு நிர்வாகமே அவரை அனுப்பி வைக்க வேண்டும் என்றது.

இதை எழுதியவர்கள் இணையத்தை நினைத்திருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களை அவர்கள் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்: பயிற்சி நடக்கும் இடம், அதன் செலவை ஏற்பவர். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்கு முன்பே கைபேசி அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. காணொளியைப் பார், பத்துக் கேள்விக்கு விடை தட்டு, சர்டிபிகேட்டைப் பதிவிறக்கு என்று சொல்லிவிட்டால் இடமும் தேவையில்லை, கூலியும் தேவையில்லை.

வயதுவந்தோருக்கு இணையவழி நல்லதா, நேரடி வகுப்பு நல்லதா என்று கேட்பது ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பகுதியைப் பொறுத்தவரை பாதிக் கேள்விதான். கையால் செய்து பார்க்க எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்த நேரத்துக்கு யார் சம்பளம் கொடுத்தார் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காத எந்த ஒப்பீடும் இங்கே பயன்படாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுகள் சொல்வது

ஊடகங்களுக்கிடையிலான ஒப்பீடு கல்வியியலில் பழைய சண்டை. ரிச்சர்ட் கிளார்க் 1983இல் அதை முடித்துவைக்கப் பார்த்தார். ஊடகம் வெறும் வாகனம். மளிகைச் சரக்கைக் கொண்டுவரும் லாரி எப்படி நம் உடம்பில் சத்தைக் கூட்டாதோ, அப்படித்தான் பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் கற்றலைக் கூட்டாது என்பது அவர் கட்சி. ராபர்ட் கோஸ்மா போன்றோர் மறுத்தார்கள். காசிமேட்டு மீன் வியாபாரி யாரிடமாவது கிளார்க் கேட்டிருந்தால், ஐஸ் போடாத வண்டியில் ஏற்றிய மீன் கோயம்பேடு போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்லியிருப்பார். வண்டி சத்தைக் கூட்டாது என்பது சரி, கெடுக்கும்.

அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையவழிக் கல்விக்கு ஆதரவாக இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. முழுக்க இணையவழியில் கற்றவர்கள் நேரடி வகுப்பினரைவிடச் சற்றே மேலாகவும், இரண்டும் கலந்து கற்றவர்கள் இன்னும் மேலாகவும் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. விற்பனைக் கையேடுகள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கலப்பு முறையில் பயின்றவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, ஆகவே இந்த வேறுபாட்டை ஊடகத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று அதே அறிக்கை எச்சரிக்கிறது. நேரம் கூடினால் கற்றல் கூடுகிறது. அந்த நேரம் யாருடையது என்பதைக் கல்லூரி மாணவரைப் பற்றிய ஆய்வு கேட்காமல் போகலாம். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் பார்ப்பவரைப் பற்றிய ஆய்வு கேட்டாக வேண்டும்.

நம் பகுதிக்கு நேராகப் பொருந்துவது வேறோர் ஆய்வு. மைக்கேல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2006இல், தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி பற்றி 1971 முதல் 2003 வரை வந்த 95 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 21,000 தொழிலாளர்கள் அடங்குவர். பயிற்சி முறைகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். சொற்பொழிவு, துண்டுப் பிரசுரம், காணொளி ஆகியவை கடைசிப் படி. கணினிவழிப் பயிற்சி நடுப்படி. செய்து காட்டி, செய்யச் சொல்லி, பேசித் திருத்துவது மேற்படி. அறிவையும் திறனையும் வளர்ப்பதில் மேற்படி முறைகள் கடைசிப் படியைவிடச் சராசரியாக மூன்று மடங்கு பயன் தந்தன.

இந்தப் பட்டியலில் நேரடிச் சொற்பொழிவும் காணொளியும் ஒரே படியில் நிற்கின்றன. விடை கேட்டுத் திருத்தும் கணினிப் பாடம் இரண்டுக்கும் மேலே நிற்கிறது. நேரடி என்றாலே உயர்வு என்று நம்புகிறவர்களுக்கு இது உவப்பாக இராது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆலைக்குள் நுழையுமுன் நடக்கும் ‘சேஃப்டி இண்டக்‌ஷன்’ எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு வியப்பும் இராது. ஐம்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓடுகிறது. தமிழில் ஒருவர் விளக்குகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குப் பாதி புரியாது. கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு கேட் பாஸ். இதை நேரடிப் பயிற்சி என்று வகைப்படுத்தி இணையத்தோடு ஒப்பிட்டால் இணையம் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும்.

ஒரு ஸ்லிங்கின் கணக்கு

வாதத்தை ஒரு சின்ன வேலையின் மேல் வைத்துச் சோதிப்போம். துறைமுகத்திலோ ஆலை யார்டிலோ பத்து டன் சுமையை இரண்டு கால் கொண்ட கம்பிவட ஸ்லிங்கால் கிரேனில் தூக்குகிறார்கள். இரண்டு காலும் செங்குத்தாக நின்றால் காலுக்கு ஐந்து டன். இதை யாரும் சொல்லிவிடுவார்கள். கால்கள் விரிய விரிய இழுவிசை ஏறும். தரைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு காலிலும் சுமார் 5.8 டன், 45 பாகையில் 7.1 டன், 30 பாகைக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு காலும் முழுப் பத்து டன்னைத் தாங்க வேண்டும். ‘ஐந்து டன் ஸ்லிங் இரண்டு இருக்கிறது, பத்து டன் தூக்கலாம்’ என்ற வாய்க்கணக்கு அறுந்து விழுவது இங்கேதான்.

இந்தக் கணக்கை விளக்கக் கைபேசியைவிட நல்ல ஆசான் இல்லை என்றே சொல்வேன். கோணம் விரிவதையும் எண் ஏறுவதையும் அசையும் படத்தில் காட்டலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கிரேனில் சுமையைக் கட்டும் நாற்பத்தைந்து வயது ரிக்கர், மகன் வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் எழுந்து ‘புரியலை சார்’ என்று சொல்லமாட்டார். கைபேசியிடம் அவருக்கு வெட்கம் இல்லை. வயதுவந்தோரின் தன்மானத்தைக் கற்பித்தலின் மையத்தில் வைத்த மால்கம் நோல்ஸ் எழுபதுகளில் பேசியது கைபேசியைப் பற்றியல்ல. ஆனால் அவர் கேட்ட மரியாதையைச் சில இடங்களில் வகுப்பறையைவிடக் கைபேசி நன்றாகவே தருகிறது. நேரடிப் பயிற்சியின் ஆதரவாளர்கள் இந்த வெட்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் யார்டில் கோணத்தை யாரும் கருவி வைத்து அளப்பதில்லை. எண்ணூர் வெயிலில், கிரேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, லாரிக்காரர் அவசரப்படுத்த, நிமிர்ந்து பார்த்த ஒரே பார்வையில் ‘இது ரொம்ப விரிஞ்சிருக்கு, இறக்கு’ என்று சொல்லத் தெரிய வேண்டும். ஸ்லிங்கின் மேல் கையுறையை ஓட்டினால் அறுந்த இழை குத்தும். வடம் எங்கே முறுக்குத் தளர்ந்திருக்கிறது என்பதை உள்ளங்கை சொல்லும். ஷேக்கிள் பின் சரியாக உட்கார்ந்ததா என்பதும் கையில் தெரிவதுதான். மைக்கேல் போலன்யி 1966இல் வாய்விட்டுச் சொல்ல முடியாத அறிவு என்று எழுதியது இதைத்தான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இறக்கு’ என்று சொல்லும் துணிச்சல். சீனியர் ஒருவர் மேஸ்திரியின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லி, அதனால் வேலை போகாமல் மறுநாளும் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த ஹெல்பருக்குத்தான் அது வரும். லேவும் வெங்கரும் 1991இல் எழுதிய நூலில், வேலைக் குழுவின் ஓரத்தில் நின்று மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதே கற்றல் என்றார்கள். ஹெல்பர், ரிக்கர், ஃபோர்மேன் என்ற நம் வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, ஒரே ஸ்லிங்கைப் பற்றிய ஒரே பாடத்தில் ஒரு பகுதிக்கு இணையம் மேல்; ஒரு பகுதிக்கு யார்ட் மட்டுமே. பாடத்தைக் கீறிப் பார்க்காமல் ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிழை.

கீறிப் பார்த்தவர்கள்

அப்படிக் கீறிப் பார்த்த துறை ஒன்று துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. கப்பல் பணியாளர் பயிற்சிக்கான 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையும் 2010இல் மணிலாவில் செய்யப்பட்ட திருத்தங்களும் பயிற்சியை ஊடகத்தால் வகுப்பதில்லை. மாலுமி என்ன செய்து காட்ட வேண்டும் என்பதால் வகுக்கின்றன. உயிர் பிழைக்கும் உத்திகளுக்கான பாடத்தில் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிந்தபடி, கவிழ்ந்து கிடக்கும் மிதவைப் படகை நிமிர்த்த வேண்டும். தீயணைப்புப் பாடத்தில் உண்மையான நெருப்பை அணைக்க வேண்டும். 2020 பொதுமுடக்கத்தின்போது கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் வகுப்புகளை இணையவழியில் நடத்த அனுமதித்தது. கோட்பாடு திரைக்குப் போனது. நீச்சல்குளம் போக முடியவில்லை.

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இயங்கும் சிஃப்நெட்டின் சென்னைப் பிரிவும் இதற்குச் சான்று. 1963இல் கொச்சியில் தொடங்கப்பட்ட அந்த மத்திய நிறுவனம் மீன்பிடிக் கலங்களுக்கான மாலுமிகளையும் எஞ்சின் ஃபிட்டர்களையும் பயிற்றுவிக்கிறது. கடலில் கழித்த நாள்கள் இல்லாமல் கலம் செலுத்தும் தகுதிச் சான்று கிடைக்காது. அதே காசிமேட்டில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவர் செயலியைப் போன்றவை, ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் கைபேசிக்குக் கொண்டுவருகின்றன. காற்று எவ்வளவு என்று திரை சொல்லும். அந்தக் காற்றில் முகத்துவாரத்தைத் தாண்டலாமா என்று முடிவெடுப்பது படகில் பழகிய கண். இரண்டையும் சேர்த்து ஆள்வதில் விசைப்படகு ஓட்டுநர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

இணையவழியில் நாட்டிலேயே பெயரெடுத்த ஏற்பாடு சென்னையில்தான் இருக்கிறது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லின் பாடங்கள் இலவசம். பாடத்தை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 2020இல் சென்னை ஐஐடி தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பிலும் அப்படித்தான். கற்பதற்குத் திரையை நம்புகிறவர்களே, கற்றதை உறுதிசெய்யத் திரையை நம்பவில்லை. வெறும் விரல்தட்டலில் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டத்துக்குத் தேவைப்படும் கண்டிப்பு, உயரத்தில் ஹார்னெஸ் மாட்டி வேலை செய்பவரின் சான்றிதழுக்குத் தேவையில்லையா?

இதே என்பிடெல், ஐடிஐ முடித்து ஆலையில் சேர்ந்து மேலே படிக்க நினைப்பவருக்கும், பிள்ளை வளர்ப்பால் வேலையை விட்ட திருவொற்றியூர்ப் பெண்ணுக்கும் உண்மையான வாசல். மாலை ஆறு மணி வகுப்புக்குத் தண்டையார்ப்பேட்டை தாண்டிப் போய்வரச் சொன்னால் அவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இந்த நன்மையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை என்பதால் இதை நீட்டவில்லை.

நேரத்தின் சொந்தக்காரர்

ஆலைக்குள் பயிற்சி நடந்தால் அது ஷிப்ட் நேரம். உற்பத்தி நிற்கும், சம்பளம் ஓடும். நிர்வாகத்துக்கு அது செலவு. கைபேசியில் நடந்தால்? ஒப்பந்தத் தொழிலாளி அதை அறைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்ட பிறகு, தன் டேட்டாவில் பார்க்கிறார். எண்ணூர், மணலி சாலைகளில் துறைமுக வாயிலுக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர் கேபினில் உட்கார்ந்து பார்க்கலாம். காத்திருக்கும் மணிகளைப் பாடமாக மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றும். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குக் காத்திருப்பே கூலியில்லாத நேரம். அதன் மேல் பாடத்தையும் ஏற்றினால் அதுவும் கூலியில்லாப் பாடமே. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதி, அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும் என்கிறது. மணலியிலிருந்து புறப்படும் டேங்கர்களை ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும். அந்த மூன்று நாள் கூலியை யார் தருவது என்பதே அதில் அவர்கள் கவலைப்படும் பகுதி.

செலவை யார் ஏற்கிறார் என்பது கூலியோடு முடிவதும் இல்லை. காணொளி பார்த்ததாகச் சான்றிதழ் இருந்தால், விபத்து நடந்தபின் ‘பயிற்சி கொடுத்தோம், அவர்தான் பின்பற்றவில்லை’ என்று சொல்லிவிடலாம். கற்பிக்கும் கடமை கற்கும் கடமையாக உருமாறிப் பலவீனமானவர் தோளில் இறங்கிவிடுகிறது. இணையவழிப் பயிற்சி நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போனதில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

ஒரே அறையில் கூடுவதால் வரும் இன்னொரு விளைவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்கு ஆலைத் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்க வந்தார்கள். கேட்டு முடித்துப் பேசிக்கொண்டது பக்கிங்காம், கர்நாட்டிக் மில்களின் நிலைமையைப் பற்றி. உணவு இடைவேளை அரை மணிதான் என்பதைப் பற்றி. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தப் பேச்சிலிருந்து. வயதுவந்தோர் ஓரிடத்தில் கற்கக் கூடினால் பாடத்தைத் தாண்டியும் பேசுவார்கள். ‘உங்க லைன்ல அந்த வால்வு ஒழுகுதா, எங்க லைன்லயும் ஒழுகுது’ என்ற ஒரு வாக்கியம் பாதுகாப்புக் கையேடு முழுவதையும்விட மேலானதாக இருக்கக்கூடும். தனித்தனிக் கைபேசியில் அந்த வாக்கியம் பிறக்க இடமில்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். அதில் சூப்பர்வைசரும் இருக்கிறார்.

எந்த வழியிலும் பயிற்சி பெறாதவர்கள்

இணையமா நேரடியா என்று விவாதிக்கும்போது ஏதோ ஒரு பயிற்சி நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கரையில் அதையும் எடுத்துக்கொள்ள முடியாது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. எர்ணாவூர்ப் பக்கம் அதை வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியபோது, உள்ளூர் மீனவர்களே தங்கள் படகுகளில் இறங்கி அள்ளினார்கள். ஏறத்தாழ ஏழாண்டு இடைவெளியில் அதே கரை மக்கள், அதே வாளி. இடைப்பட்ட காலத்தில் இவர்களுக்கு ஒரு காணொளி காட்டியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

அதே 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறலோடு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப்போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்பவற்றை இரண்டு நிமிடக் காணொளி சொல்லிவிடும். இருட்டில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எந்தச் சந்து வழியாக எந்தப் பக்கம் என்பதைக் காணொளி சொல்லாது. அதை நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கொரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்கின்றன. ஒத்திகை என்றால் பகல் வேளையில், ஆலை வாயிலில், அதிகாரிகள் நிற்க, தீயணைப்பு வண்டி வந்துபோவதாகவே பெரும்பாலும் முடிகிறது. அடுத்த ஒத்திகையை மாவட்ட நிர்வாகம் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும், இரவு பதினோரு மணிக்கு மேல் நடத்த வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் எல்லாக் கைபேசிக்கும் தமிழிலும் இந்தியிலும் காணொளி போகட்டும். கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் அரைநாள் கூலியை ஆலைகள் கொடுக்கட்டும்.